பனியில் சிக்கிய லாரியும் படிக்கட்டுக் கனடாவும்

ரங்கூனை விட்டு வெளியே போகாமல், கனடா தேசத்தையே கரைத்துக் குடித்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் கியாக்டடா பேட்டையில் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். வரும்போது காலைப் பார்த்து வையுங்கள், மூன்றாவது படியிலிருந்தே புத்தகம் ஆரம்பித்துவிடும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டால், "அது கெடக்கு சயாமா, அந்தப் பேரைச் சொல்லி இனிமே யாரு கூப்பிடப் போறா?" என்பார். சயாமா என்றால் டீச்சரம்மா. முதல் மாடியில் இங்கிலீஷ் டியூஷன் நடத்துகிற பாவத்துக்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது. அவருக்குக் கிடைத்தது கனடா. வாலிபத்தில் பர்மியர்கள் 'கோ கனடா' என்றார்கள். தலை நரைத்ததும் மரியாதை கூடி 'ஊ கனடா' ஆனார். தமிழர்களுக்கெல்லாம் 'கனடா அண்ணன்'. எனக்கு மட்டும் வெறும் கனடா. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் ஏறி இறங்குகிற படியில் கடை போட்டவரை நான் எதற்கு அண்ணே என்று கூப்பிட வேண்டும்? மாட்டேன். அது என் பிடிவாதம்.

கனடா தேசத்தின் பக்கமாக அவர் செய்த மிகப்பெரிய பிரயாணம் டாலாவுக்கு. ஆற்றுக்கு அந்தக் கரைதான். படகு நடு ஆற்றுக்கு வருவதற்குள் வாந்தி எடுத்து, அந்தக் கரையில் இறங்கியதும் இறங்காததுமாகத் திரும்பிப் போகிற படகு எப்போது என்று கேட்டவர். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டே, "கடல் கடந்த பயணம் நமக்கு ஒத்துக்கல சயாமா" என்றார். ஆறு என்று திருத்தினால் கோபம் வந்துவிடும்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்கிறீர்களா? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஒரு கனடா வாத்தியார் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது, வீட்டுப் புத்தகங்களை எடைக்குப் போட்டார். நம்மவர் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். திறந்தால் முழுக்க முழுக்க கனடா தேசத்துக் காமிக்ஸ். பாதி இங்கிலீஷ், பாதி பிரெஞ்சு. இவருக்கு இரண்டும் தெரியாது. அதனால் இரண்டையும் ஒரே வேகத்தில் படித்து முடித்தார்.

படம் போட்டவர்களின் பெயரை வாசிக்க வராததால் அவரே பெயர் சூட்டினார். மீன்பிடி ஊர்க் கதைகள் போடுகிற ஒருவர் எல்லாருக்கும் முட்டைக் கண் வைப்பார், அவர் 'முட்டைக்கண்ணன்'. சமையலறையிலேயே கதையை முடித்துவிடுகிற பிரெஞ்சுக்காரர் 'மௌனசாமி'. அந்தப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பேச்சுதான், நமக்குப் புரியாததால் அவர் மௌனசாமி. கையெழுத்துக்குப் பதில் மூலையில் குட்டியாக ஒரு மீன் வரைகிற பெண் 'மீன்காரி'. இந்த மூவரையும் பற்றி, அடுத்த வீட்டில் குடியிருப்பவர்களைப் போலத்தான் பேசுவார். "முட்டைக்கண்ணனுக்கு இந்தப் பொஸ்தகத்துல மனசு சரியில்ல சயாமா, வானத்தை எப்படிக் கன்னங்கரேல்னு போட்டிருக்கான் பாருங்க. வீட்ல ஏதோ சண்டை."

வேறு தேசத்துக் காமிக்ஸ் ஒன்றும் அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் செருப்பு.

"அமெரிக்காக்காரன் கதையில என்னா பண்றான்? பூட்ஸ் காலோட கட்டில்ல ஏறிப் படுக்கிறான். கனடாக்காரன்? வாசல்லயே கழட்டி வரிசையா வச்சுட்டு உள்ள வர்றான். படத்தைப் பாருங்க. இப்ப சொல்லுங்க, யாரு மனுசன்?"

படத்தைப் பார்த்தேன். வாசலில் வரிசையாகச் செருப்பு, பூட்ஸ் எல்லாம் இருக்கத்தான் செய்தது. பகோடாவுக்கும் கோயிலுக்கும் வீட்டுக்கும் செருப்பைக் கழற்றியே பழகிய எங்கள் தெருவுக்கு அந்த ஒரு படம் போதும். கனடா தேசம் சொந்தக்கார தேசமாகிவிட்டது.

அவருடையது வாடகைக்கடை. அதிலும் ஒரு புதுமை செய்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் பிரித்து, முன்பாதிக்கு ஒரு பழுப்பு அட்டை, பின்பாதிக்கு ஒரு பழுப்பு அட்டை போட்டு ஊசிநூலால் தைத்துவிடுவார். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் படிக்கலாமாம். முன்பாதி வீடும் பின்பாதி வீடும் நேருக்கு நேர் சந்தித்தால் என்ன நடக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. எதிர்வாடையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியாக் கடை போட்டிருக்கும் டோ மியாவுக்கு எப்போதும் பின்பாதிதான் முதலில் கிடைக்கும். அந்தம்மாவின் அப்பா தமிழர். தமிழ் புரியும், வாய் பேசுவது பர்மியம். காலையில் மொஹிங்கா சாப்பிட உட்கார்ந்தால், கரண்டியை ஆட்டிக்கொண்டே, "நீங்க இன்னும் முன்பாதியா? சரி சரி, அந்த மீசைக்காரன்தான் திருடன்னு நான் சொல்ல மாட்டேன்" என்பாள். எனக்கு மொஹிங்கா தொண்டையில் இறங்காது.

ஆமாம், நானும் வாடகைக்கு எடுத்தேன். எடுக்க வைத்தார். "சயாமா, இந்தப் பலூன்ல என்னா எழுதியிருக்கு?" என்று ஆரம்பித்து, கடைசியில் மீன்காரியின் கதை முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார். நான் சொல்லச் சொல்ல, அவர் பர்மியத்தில் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒவ்வொரு பேச்சுப் பலூனிலும் ஒட்டினார். டியூஷன் பிள்ளைகளின் கட்டுரை மேஜை மேல் காத்துக்கிடக்கும். நான் படியில் உட்கார்ந்து லாரி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

லாரிதான் கதை. கனடா தேசத்தின் வடக்கே குளிர்காலத்தில் ஏரிகளெல்லாம் உறைந்து இறுகிவிடுமாம். அந்தப் பனிப்பாளத்தின் மேலேயே சாலை போட்டு, ரோடு இல்லாத ஊர்களுக்கு மாவும் மருந்தும் கொண்டுபோவார்களாம். அப்படி லாரி ஓட்டுகிற பெண் நோரா. எங்கள் தெருவுக்கு மா நோரா.

"ஏரி மேல லாரியா? கதை விடாதீங்க" என்று எல்லாரும் சிரித்தார்கள். வேர்த்து ஒழுகுகிற சித்திரை வெயிலில், கரண்ட் இல்லாமல் ஓலை விசிறியால் விசிறிக்கொண்டு, அதே ஆட்கள்தான் அந்தப் புத்தகத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

நோராவின் கன்னத்தில் இரண்டு பக்கமும் வெளிர் மஞ்சளாக ஒரு திட்டு இருக்கும். அதைப் பார்த்த அன்றைக்குக் கனடா படியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"தனகா! சயாமா, இது தனகா!"

எங்கள் ஊரில் பெண்கள் கட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசுகிற சந்தன நிற தனகாவேதான், அச்சு அசல். "மீன்காரி ரங்கூன்காரி! அவ ஆத்தா இங்கேருந்து போனவளாத்தான் இருக்கணும். இல்லாட்டி கனடாவுல தனகா எப்படி வரும்?" என்று தெருவெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தனகாதான் என்றே எனக்கும் பட்டது.

இந்த லட்சணத்தில் வந்து சேர்ந்தோம், நோரா கதையின் ஐந்தாம் புத்தகத்துக்கு. அதன் பின்பாதியின் கடைசிப் படத்தில் பனி பிளந்து லாரியின் பின்சக்கரம் தண்ணீருக்குள் போகிறது. நோரா கூரை மேல் ஏறி நிற்கிறாள். கீழே 'தொடரும்'. அவ்வளவுதான். பெட்டியில் ஆறாம் புத்தகம் இல்லை. அதை எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

வருஷங்கள் போயின. நோரா கூரை மேலேயே நின்றாள். தெருவில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர், வேறு தேசம் என்று போனார்கள். போகிறவர்கள் விடைபெற வந்தால்கூட, "ஆறாவது கிடைச்சா போன்ல படம் எடுத்து அனுப்புங்க அண்ணே" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். கனடாவுக்கு அது பொறுக்கவில்லை. "பாதியில நிக்கிற கதைய வாடகைக்குக் குடுத்துட்டேனே, அது பாவமில்லையா?" என்று ஒரு நாள் எழுந்து நேரே அம்மன் கோயிலுக்குப் போனார்.

திரும்பி வந்தவரின் முகத்தில் ஒரு தெளிவு. "நேந்துக்கிட்டேன் சயாமா. அந்தப் புள்ளையோட லாரி கரையேறிட்டா நான் பூக்குழி எறங்குறேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

"பூக்குழியா? தீ மிதிக்கப் போறீங்களா?"

"ஆமா."

"ஐயா, டீயையே சாசர்ல ஊத்தி, ஊதி ஊதி, அது பச்சைத்தண்ணி ஆனதுக்கப்புறம் குடிக்கிற ஆளு நீங்க!"

"அதுக்கென்னா? அவ பனியில நிக்கிறா. நான் நெருப்புல எறங்கினாத்தானே கணக்கு சரியா வரும்?"

தலையில் அடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. இல்லாத ஒரு லாரிக்காக இருக்கிற ஒரு மனிதர் நெருப்பில் இறங்கத் தயாராக இருக்கிறார். நாம் போனிலாவது தேடிப் பார்க்கக்கூடாதா? இங்கே அடைத்து வைத்திருக்கிற இணையத்தைத் தாண்ட வி.பி.என். போட்டு, அந்தக் குட்டி மீனை வலைவீசித் தேடினேன். நிஜமாகவே கிடைத்தது. அதே மீன், மீன்காரியின் பக்கம். கடைசியாக அவள் ஏதாவது போட்டு வெகுகாலமாகியிருந்தது.

கனடாவிடம் சொன்னதும் செய்தியை வாயாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார். "எழுதுங்க. மீன்காரித் தங்கச்சிக்கு. ரங்கூன்ல எல்லாரும் சௌக்கியம். உங்க ஆத்தா எந்தத் தெரு? லாரி என்னா ஆச்சு?" நான் கொஞ்சம் நாகரிகமாக்கி இங்கிலீஷில் அனுப்பினேன். ஆத்தாவையும் தெருவையும் விட்டுவிட்டேன்.

பதில் வந்தது. 'மன்னிக்கவும்' என்று ஆரம்பித்திருந்தாள். கனடாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, மொத வார்த்தையே சாரி! கனடாக்காரின்னா கனடாக்காரிதான்."

அடுத்ததை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மெதுவாகச் சொன்னேன். அவள் படம் போடுவதையே நிறுத்திவிட்டாளாம். ஐந்தாம் புத்தகம் விற்காமல் பெட்டி பெட்டியாக அக்கா வீட்டுக் கார் ஷெட்டில் கிடக்கிறதாம். நோராவை யாரும் படிக்கவில்லை, அதனால் ஆறாவது இல்லை. இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளாம்.

கனடா கேட்டார். "யாருமே படிக்கலைன்னா எழுதியிருக்கா?"

"ஆமா."

"அப்போ நாமெல்லாம் யாரு சயாமா?"

அவர் புத்தகங்களை அடுக்கி, சாக்கைப் போட்டு மூடி, பட்டப்பகலில் கடையைக் கட்டிவிட்டுப் போனார். மழை வெள்ளம் முழங்காலுக்கு வந்தபோதுகூடக் கடையைக் கட்டாத மனிதர். அன்றைக்கு அந்தப் படி காலியாகக் கிடந்தது. தாராளமாக இறங்கலாம், ஏறலாம். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை கனடா வந்தார். கையில் நோரா புத்தகங்களின் எல்லாப் பாதிகளும். "போட்டோ புடிங்க சயாமா. படத்தை இல்ல. ஓரத்தை."

ஓரம்! எனக்குப் பிடிக்காத ஒன்று இந்தக் கடையில் உண்டென்றால் அதுதான். வாடகைக்கு எடுக்கிறவர்கள் சும்மா படிக்க மாட்டார்கள். பக்க ஓரமெல்லாம் கிறுக்கி வைப்பார்கள். புத்தகத்தில் கிறுக்கினால் என் டியூஷனில் அன்றைக்கு முழுக்க நிற்க வேண்டியதுதான். அந்தக் கிறுக்கல்களை இதுவரை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

'இந்த லாரிக்கு ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சு?' இது பஸ் கண்டக்டர் ஒருவர். 'அந்த மீசைக்காரனை நம்பாதே, நம்பாதே!' இது டோ மியா, மேலே மொஹிங்காக் கறையோடு. அதற்குக் கீழே வேறொரு கை: 'நம்பிட்டா. நாசமாப் போச்சு.' 'கரண்ட் போய்விட்டது. நான் பாதிப் பக்கத்தில் நிற்கிறேன். நோராவும் நிற்கிறாள்.' ஷ்வேப்யிதா தொழிற்சாலைக்குப் போகிற பெண் ஒருத்தி: 'பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.' இன்னொரு பக்கத்தில்: 'எங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். நோரா என்று பெயர் வைத்துவிட்டோம்.' பர்மியர்கள் பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். பிள்ளை சனிக்கிழமை பிறந்ததால் எழுத்தும் பொருந்திப் போனதாம்.

ஐந்தாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இடமே இல்லை. பென்சில், பேனா, கண்மை என்று விதவிதமான கைகள், எல்லாம் ஒரே வரி: 'மா நோரா, பார்த்து ஓட்டு.'

அத்தனையையும் படம் எடுத்து, அத்தனையையும் இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். ஒரு கிறுக்கலையும் நாகரிகமாக்கவில்லை.

மீன்காரியிடமிருந்து ஒரு வரிதான் வந்தது. 'நோரா தனகா பூசியிருக்கிறாள் என்று ஓரத்தில் இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்களே, தனகா என்றால் என்ன?' விளக்கிச் சொன்னேன். அந்தத் திட்டு என்னவென்று அவளும் விளக்கினாள். பனிக்காற்றில் கன்னம் வெந்துபோகாமல் இருக்க அங்கே ஒட்டிக்கொள்கிற டேப்பாம்!

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. "ரங்கூன்காரின்னீங்க, இப்போ டேப்புன்றாளே ஊ கனடா?" என்று டோ மியா கரண்டியை ஆட்டினாள். கனடா அசரவில்லை. "இங்க வெயில், அங்க பனி. டேப்போ தனகாவோ, பொம்பளப் புள்ளைங்க கன்னத்தைக் காப்பாத்தத்தானே இருக்கு? ரெண்டும் ஒண்ணுதான். போங்க, போயி வேலையைப் பாருங்க."

மழைக்காலம் முடிகிற சமயத்தில் என் போனுக்கு வந்து சேர்ந்தது, நோரா, ஆறாம் புத்தகம்.

அச்செடுக்க வேண்டுமே! தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. கரண்டுக்காக ஒரு தெருவே வாசலில் நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "மீ லாபி!" என்று ஒரு கத்தல். கரண்ட் வந்துவிட்டது என்று ரங்கூனே சேர்ந்து கத்துகிற சந்தோஷக் கத்தல் அது. மெஷின் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு பக்கமும் சூடாக வெளியே வர, நான் சத்தமாக வாசித்தேன்.

கரையில் இருக்கிற ஊர்க்காரர்கள் கயிறும் விளக்குமாக நோராவைக் காப்பாற்ற ஓடி வருகிறார்கள். ஒருவர் ஓடிக்கொண்டே கத்துகிறார்: "இந்த லாரிக்கு ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சு?" சூப் பானையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவி: "மீசைக்காரனை நம்பாதேன்னு அப்பவே சொன்னேனே!" கைக்குழந்தையைப் பனியிலிருந்து மூடிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி: "இவ பேரும் நோராதான்!" எல்லாரும் சேர்ந்து: "நோரா, பார்த்து ஓட்டு!"

எங்கள் தெருவின் கிறுக்கல்கள் எல்லாம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு திரும்பி வந்திருந்தன. டோ மியா அந்தப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான், இது நான்" என்றாள். அடுத்த பக்கத்தில் அந்தச் சூப்புக் கிழவி நோராவின் கன்னத்தில் பிய்ந்துபோன டேப்பை எடுத்துவிட்டு, விரலால் வட்டமாக எதையோ பூசிவிடுகிறாள். அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் கனடாவைத்தான் பார்த்தார்கள். அவர் துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

லாரி கரையேறியது. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பூக்குழி ஞாபகம் வந்தது.

"சயாமா," என்றார் கனடா, குரல் இறங்கிப்போய், "பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் தண்ணியிலதான் இருக்கறாப்ல தெரியுதே?"

"இல்லை. கரையில இருக்கு."

"பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க."

"வச்சே பார்த்துட்டேன். நல்லா காஞ்ச தரையில இருக்கு."

விரதம் இருந்தார். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, வேப்பிலை. திருவிழா அன்றைக்குக் கோயிலில் எங்கள் தெரு முழுசும் இருந்தது. தமிழர்கள் "ஓம் சக்தி" என்றார்கள், பர்மியர்கள் புண்ணியம் சேரட்டும் என்று "சாது, சாது" சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் கனடா, இடுப்பில் ஐந்தாம் புத்தகத்தின் பின்பாதியைச் செருகிக்கொண்டு, தணலின் முன்னால் நின்றார். எனக்கு ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் போல இருந்தது. அதற்குள் இறங்கிவிட்டார். டாலாவிலிருந்து திரும்பி வந்தாரே, அதே வேகம். கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் நின்றுகொண்டு, "கரையேறிட்டா! கரையேறிட்டா!" என்று கத்தினார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பக்தியோடு மிதித்தால் சுடாது என்பார்கள். இவருக்குச் சுட்டுவிட்டது, இரண்டு பாதத்திலும் கொப்புளம். காரணம் கேட்டால், "கடைசி எட்டுல ஆத்தாளை நெனைக்காம ஏழாவது பொஸ்தகத்தை நெனைச்சுட்டேன்" என்கிறார்.

ஏழாவது வரத்தான் போகிறது. ஆறாம் புத்தகத்தின் கடைசிப் படத்தில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை, எதிரே ஒரு வெள்ளைக் கரடி நிற்கிறது. கீழே 'தொடரும்'. எனக்கு எரிச்சலாக வந்தது. கனடாவுக்கோ ஆனந்தம். "தொடரும்னு போட்டுட்டா சயாமா! அப்படின்னா திரும்ப வரைய ஒக்காந்துட்டான்னு அர்த்தம்!" வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, மூன்றாவது படியில் உட்கார்ந்து, ஆறாம் புத்தகத்தை இரண்டாகப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கு ஒருதரம் கோயில் பக்கமாகவே பார்வை போனது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடுத்த நேர்த்திக்கடன் தயாராகிறது.

பின்பாதியை முதல் ஆளாக நான்தான் வாங்கினேன். மாடிக்குப் போய், கரடி நிற்கிற கடைசிப் பக்கத்தைத் திறந்துவைத்தேன். புத்தகத்தில் கிறுக்கிய குற்றத்துக்காக எத்தனையோ பிள்ளைகளை நிற்க வைத்த நான், சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: 'மா நோரா, பார்த்து ஓட்டு. எங்க அண்ணனுக்கு இன்னும் கால் ஆறல.'